அப்பாவின் மாத்திரையைச் சேமித்து வைக்கலாமா?

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

என் அப்பாவுக்கு வயது 66. பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. லெவோடோபா மாத்திரை ஆரம்பித்த புதிதில் நோயே இல்லாதவர்போல் ஆகிவிட்டார். ஓராண்டாக, அடுத்த வேளை மாத்திரைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே உடம்பைக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடுகிறது. மாத்திரை போட்டால் சரியாகிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கழுத்தும் தோளும் தானாக நெளிய ஆரம்பிக்கின்றன. ‘இந்த மருந்து சில வருஷம்தான் கேட்கும், அப்புறம் மூளை பழகிவிடும், பார்த்துச் சிக்கனமாகச் சாப்பிடு’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாமல் மதிய மாத்திரையை விட்டுக்கொண்டே வந்திருக்கிறார். போன வாரம் தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது உள்ளே நாற்பது மாத்திரைகள் இருந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு இரண்டாவதாக ஒரு மாத்திரை சேர்த்தார்கள். அதற்குப் பிறகு இரவெல்லாம் கைபேசியில் பணம் கட்டிச் சூதாடுகிறார். வாழ்நாளில் அந்தப் பக்கமே போகாதவர். அம்மாவுக்கு வேறொரு வருத்தம்: மருத்துவர் முன்னால் நன்றாக நடக்கிறார், வீட்டுக்கு வந்தால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை என்கிறார், நடிக்கிறாரோ என்று. மருந்து அப்பாவின் மூளையைக் கெடுத்துவிட்டதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தலையணை உறைக்குள் நாற்பது மாத்திரைகள் என்ற இடத்துக்கு வந்ததும் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். உங்கள் அப்பா அலட்சியமாக இருந்து மருந்தை விடவில்லை. பின்னால் வரப்போகும் கஷ்டகாலத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார். தினமும் மதியம் உடம்பு இறுகிக் கிடக்கும், அதைப் பொறுத்துக்கொள்வோம் என்று தனக்குத்தானே முடிவு செய்து, ஒருவரிடமும் சொல்லாமல் அனுபவித்திருக்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இந்த மருந்தை அப்படி மிச்சம் பிடிக்க வழியில்லை. இன்று விட்ட மாத்திரையின் பலன் நாளைக்குப் போய்ச் சேராது. இன்றைய மதியம் பறிபோவதுதான் மிச்சம்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மருந்தைத் தானாகக் குறைப்பதும், முக்கியமாகத் திடீரென்று முழுவதும் நிறுத்துவதும் ஆபத்து. லெவோடோபா சட்டென்று நின்றால் சிலருக்குக் கடும் காய்ச்சல், உடம்பெல்லாம் மரக்கட்டைபோல் விறைப்பு, நினைவுக் குழப்பம் வரும். உயிருக்கே உலை வைக்கக்கூடிய நிலை அது. நீங்களும் பதறிப்போய், விட்டதை எல்லாம் ஒரே நாளில் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம். இந்த வாரமே அவருடைய நரம்பியல் மருத்துவரிடம் நாற்பது மாத்திரை விஷயத்தை அப்படியே சொல்லுங்கள். அவர் எழுதித் தந்த அளவை அப்பா முழுதாகச் சாப்பிடுகிறார் என்று நம்பித்தான் அவர் அடுத்த அடுத்த முடிவுகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘மூளை பழகிவிடும்’ என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்க்க வரும் குடும்பங்களில் பாதிப் பேராவது இதைக் கேட்கிறார்கள். அதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘மாத்திரை போட்டால் சரியாகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பழகிப்போன மருந்து அப்படி வேலை செய்யாது. மருந்து பழகினால், அதே அளவுக்குக் குறைந்த பலன் கிடைக்க வேண்டும். அப்பாவுக்கு நடப்பது வேறு: மாத்திரை ஏறும்போது பலன் முழுதாகக் கிடைக்கிறது, சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே கிடைக்கிறது; நெளிவு அதனால்தான். நிலைக்கும் நேரம்தான் சுருங்கிவிட்டது. ஏன் சுருங்கியது என்று புரிந்தால் மற்ற எல்லாம் புரியும்.

நடுமூளையில் கருமை படிந்த ஒரு சிறு பகுதி உண்டு. ‘சப்ஸ்டான்ஷியா நைக்ரா’ என்று பெயர். லத்தீன் மொழியில் ‘கரும்பொருள்’ என்று அர்த்தம். அங்கிருக்கும் நரம்புச் செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் செய்து, ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு அனுப்புகின்றன. ஒரே செல்லின் கிளைகள் அங்கே லட்சக்கணக்கான முனைகளாகப் பிரிந்து பரவியிருக்கும். கையைத் தூக்கு, காலை எடுத்து வை என்று உத்தரவு போடுவது டோபமைனின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உத்தரவு மூளையின் மேற்பரப்பிலிருந்து வருகிறது. அதற்கு அனுமதி கொடுக்கும் இடம்தான் ஸ்ட்ரையேட்டமும் அதைச் சேர்ந்த பகுதிகளும். அங்கே இரண்டு பாதைகள் இருக்கின்றன: ஒன்று அசைவைத் திறந்துவிடும், மற்றது பூட்டிவைக்கும். டோபமைன் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களை ஏற்பிகள் என்போம். திறக்கும் பாதையில் டி1 என்ற ஏற்பிகள், பூட்டும் பாதையில் டி2 ஏற்பிகள். டோபமைன் முதலாவதைத் தூண்டும், இரண்டாவதை அடக்கும். டோபமைன் குறைந்தால் பூட்டின் கை ஓங்கிவிடுகிறது. பார்க்கின்சன் நோயாளியின் தசையில் பலம் இருக்கிறது, மனதில் விருப்பம் இருக்கிறது, கால் மட்டும் கிளம்ப மறுக்கிறது என்றால் காரணம் இதுதான்.

நோய் வெளியே தெரியும் நேரத்தில் அந்தச் செல்களில் ஏறக்குறைய பாதி அழிந்திருக்கும். ஸ்ட்ரையேட்டத்தின் சில இடங்களில் டோபமைன் எழுபது, எண்பது சதவீதம்கூடக் குறைந்திருக்கும். அதுவரை மிச்சமிருக்கும் செல்கள் கூடுதலாக உழைத்து மறைத்துவந்திருக்கும். முதல் நடுக்கத்தைப் பார்த்து ‘இப்போதுதான் ஆரம்பம்’ என்று நாம் நினைப்பது, உண்மையில் பல ஆண்டுக் கதையின் நடுப்பக்கம்.

1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள், மூளையில் எது குறைகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. 1950-களின் இறுதியில் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன், டோபமைன் மூளையில் தனக்கென்று ஒரு வேலை செய்கிறது என்று காட்டினார். டோபமைனை இழந்து அசையாமல் கிடந்த முயல்களுக்கு லெவோடோபா கொடுத்ததும் அவை எழுந்து ஓடின. 1960-இல் வியன்னாவில் ஹெர்பர்ட் எரிங்கரும் ஒலே ஹார்னிகீவிச்சும், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே ஹார்னிகீவிச்சும் வால்டர் பிர்க்மயரும் சேர்ந்து லெவோடோபாவை நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்தார்கள், ஆனால் சில மணி நேரம்தான். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியஸ், வாய்வழியாகச் சிறு அளவில் தொடங்கி மெல்ல மெல்ல அதிகமாக்கினால் பலன் நீடிக்கிறது என்று காட்டிய பிறகுதான் இது வீட்டில் சாப்பிடும் மருந்தானது. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஏனென்றால் உங்கள் அப்பா கண்ட முதல் சில ஆண்டு நிம்மதி, இவர்கள் யாரும் இல்லாவிட்டால் கிடைத்திருக்காது.

டோபமைனையே மாத்திரையாகக் கொடுக்காதது ஏன்? மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களின் சுவர் ஒரு கடுமையான காவல். டோபமைனை அது உள்ளே விடாது. லெவோடோபா ஒரு அமினோ அமிலம். புரதத்திலிருந்து வரும் மற்ற அமினோ அமிலங்களுக்கென்று அந்தச் சுவரில் இருக்கும் வாசல் வழியாக அதுவும் நுழைந்து, உள்ளே போய் டோபமைனாக மாறுகிறது. வழியிலேயே, குடலிலும் ரத்தத்திலும் மாறிவிட்டால் குமட்டல்தான் மிஞ்சும். அதைத் தடுக்கத்தான் மாத்திரையில் கார்பிடோபா அல்லது பென்செரசைட் சேர்ந்திருக்கிறது. கார்பிடோபா சேர்த்த பிறகு, தேவைப்படும் லெவோடோபாவின் அளவு சுமார் முக்கால் பங்கு குறைந்துவிட்டது.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். கார்பிடோபாவுடன் சேர்த்துக் கொடுத்தாலும், ரத்தத்தில் லெவோடோபாவின் அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்படியானால் ஆரம்ப ஆண்டுகளில் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை எப்படிப் போதுமாக இருந்தது? இரவில் ஒன்றும் போடாமல் காலையில் எப்படி எழுந்து நடந்தார்?

மிச்சமிருந்த நரம்பு முனைகள் டோபமைனைச் சேமித்து வைத்தன. லெவோடோபா வரும்போது அதை உள்ளே இழுத்து, டோபமைனாக்கி, நுண்ணிய பைகளில் அடைத்து, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக வெளியே விட்டன. மிஞ்சியதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டன. வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் காலையில் அரை மணி நேரம்தான் ஓடும். குழாயில் இரவுவரை தண்ணீர் வரும். தொட்டி இருப்பதால் மோட்டார் எப்போது ஓடியது என்பதே கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. இதற்கு மேல், தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்களுக்கு நாள்கணக்கில் நிலைக்கும் ஒரு நீண்ட பலனும் உண்டு; மருந்தை நிறுத்தினாலும் அது அன்றே போகாது, படிப்படியாக நாள்கள், வாரங்கள் கழித்துத்தான் இறங்கும்.

உங்கள் அப்பாவிடம் குறைந்திருப்பது அந்தத் தொட்டிதான். நோய் தன் வழியில் போய்க்கொண்டே இருப்பதால் நரம்பு முனைகள் ஆண்டுக்காண்டு குறைகின்றன. மருந்து அன்று செய்த அதே வேலையைத்தான் இன்றும் செய்கிறது. ஆனால் தேக்கி வைக்க இடமில்லாததால், மோட்டார் ஓடும்போது குழாய் பீச்சியடிக்கிறது. நின்றதும் சொட்டுக்கூட இல்லை. ரத்தத்தில் மருந்து ஏறுவதும் இறங்குவதும் அப்படியே உடம்பில் தெரிய ஆரம்பிக்கிறது. இறங்கும் நேரத்தை நாங்கள் ‘ஆஃப்’ என்கிறோம், ஏறியிருக்கும் நேரத்தை ‘ஆன்’ என்கிறோம்.

நெளிவுக்கும் இதுவே வேர். டோபமைன் செல்கள் குறைந்ததும், செரட்டோனின் என்ற வேறொரு வேதிப்பொருளைச் செய்வதற்கென்று இருக்கும் செல்கள் லெவோடோபாவை எடுத்து டோபமைனாக்க ஆரம்பிக்கின்றன. நல்ல உதவிதான். ஆனால் எவ்வளவு வெளியே விட்டோம் என்று பார்த்து நிறுத்திக்கொள்ளும் கருவி அவற்றிடம் இல்லை. மிஞ்சியதைத் திரும்ப உறிஞ்சும் வசதியும் இல்லை. வந்ததை எல்லாம் கொட்டிவிடுகின்றன. இப்படி வெள்ளமும் வறட்சியுமாக மாறி மாறி வரும் டோபமைனை, எதிரே இருக்கும் ஸ்ட்ரையேட்டச் செல்கள் பல மாதங்கள் தாங்கும்போது, அவற்றின் உள்ளமைப்பே மாறுகிறது. பொதுவாக நரம்பு இணைப்புகள் வலுப்படவும் வேண்டும், தேவை முடிந்ததும் தளரவும் வேண்டும். நெளிவு வந்த மூளையில் அந்தத் தளர்வு சரியாக நடப்பதில்லை. திறக்கும் பாதை திறந்தது திறந்தபடி நிற்கிறது. அதனால் யாரும் கேட்காத அசைவுகளும் வெளியே வந்துவிடுகின்றன. டிஸ்கைனீசியா என்று இதற்குப் பெயர். இதைப் பலர் நடுக்கம் கூடிவிட்டது என்று தவறாகப் புரிந்துகொண்டு மருந்தை அதிகமாக்கச் சொல்வார்கள். நடுக்கம் ஒரே தாளத்தில் இருக்கும், பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது வரும். இது நடனம்போல் வளைந்து நெளியும், மருந்து நன்றாக ஏறிய நேரத்தில் வரும். இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிர்.

‘தொட்டி குறைந்ததே மருந்தால்தானோ?’ என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். மருத்துவர்களே பல ஆண்டுகள் இந்தப் பயத்தில் இருந்தவர்கள்தான். லெவோடோபாவை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடு என்று ஒரு காலத்தில் எங்களுக்கும் சொல்லித்தந்தார்கள். அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் வந்துவிட்டன. 2004-இல் வெளியான ஒன்றில், புதிதாக நோய் கண்ட 361 பேரைப் பிரித்து, சிலருக்கு வெற்று மாத்திரையும் மற்றவர்களுக்கு வெவ்வேறு அளவில் லெவோடோபாவும் 40 வாரங்கள் கொடுத்தார்கள். பிறகு இரண்டு வாரம் மருந்தை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, லெவோடோபா சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிட மோசமாக இல்லை, நன்றாகவே இருந்தார்கள். 2019-இல் நெதர்லாந்தில் 445 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மருந்தை உடனே தொடங்கியவர்களும் 40 வாரம் தாமதித்துத் தொடங்கியவர்களும் 80-ஆம் வாரத்தில் ஒரே நிலையில் இருந்தார்கள். நோயின் ஓட்டத்தை மருந்து தடுக்கவும் இல்லை, முடுக்கிவிடவும் இல்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2014-இல் வந்த இன்னொரு ஆய்வு. ஆப்பிரிக்காவில் கானா நாட்டில், மருந்து எளிதில் கிடைக்காததால், நோயாளிகள் சராசரியாக நோய் தொடங்கி நான்கு ஆண்டுகளுக்கு மேல் கழித்தே லெவோடோபாவைக் கண்டார்கள். இத்தாலியில் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழித்துத் தொடங்கியவர்களுடன் அவர்களை ஒப்பிட்டார்கள். பலன் சீக்கிரம் இறங்குவதும் நெளிவும், நோய் வந்து எத்தனை ஆண்டு ஆனதோ அதைப் பொறுத்தே இரு நாட்டிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன. எத்தனை ஆண்டு மருந்து சாப்பிட்டார்கள் என்பது கணக்கில் வரவில்லை. கானாவில் அந்த மனிதர்கள் மருந்தில்லாமல் கழித்த ஆண்டுகளால் அவர்களுக்குப் பின்னால் ஒன்றும் மிச்சமாகவில்லை. உங்கள் அப்பாவிடம் வேறெதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

இதில் மறைக்கக் கூடாத ஒரு பகுதியும் இருக்கிறது. ஒரு நாளில் சாப்பிடும் அளவு அதிகமாக இருந்தால் நெளிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. இளம் வயதில் நோய் வந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. ஆகவே மருத்துவர் அளவைப் பார்த்துப் பார்த்து எழுதுவதில் நியாயம் இருக்கிறது. அப்பாவுக்கு யாரோ சொன்ன சொல்லின் விதை ஒருவேளை இதுவாகவே இருக்கலாம். ஆனால் தேவையான குறைந்த அளவை நாள் முழுக்கச் சீராகப் பங்கிட்டுக் கொடுப்பது ஒன்று. நடுவேளையைப் பிடுங்கிவிட்டுக் காலையும் இரவும் மட்டும் கொடுப்பது வேறொன்று. இரண்டாவதில் பள்ளம் இன்னும் ஆழமாகிறது. தொட்டியில்லாத வீட்டில் மோட்டாரை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக ஓட்ட வேண்டும்.

அவருடைய மருத்துவர் கையில் இன்னும் நிறைய இருக்கிறது. ஒரு வேளை அளவைக் குறைத்து வேளைகளைக் கூட்டலாம். லெவோடோபா ரத்தத்தில் சீக்கிரம் அழியாமல் காக்கும் என்டகபோன், மூளையில் டோபமைன் சிதையாமல் பார்த்துக்கொள்ளும் ரசாஜிலின் போன்றவற்றைச் சேர்க்கலாம். நெளிவுக்கு அமன்டடின் என்ற பழைய மருந்து உதவும். இவையும் போதாமல் போகும் ஒரு காலம் வந்தால், மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் பம்பும், மூளைக்குள் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன. எது அவருக்குப் பொருந்தும் என்பதை அவரை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

சூதாட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய நான்கு வரிகளை மிகுந்த தயக்கத்துடன் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. எழுதியது நல்லதாயிற்று. நிறையக் குடும்பங்கள் இதை மானப்பிரச்சினையாக நினைத்துக் கடைசிவரை மருத்துவரிடம் சொல்வதே இல்லை.

ஸ்ட்ரையேட்டத்தில் எல்லா இடமும் ஒரே வேகத்தில் டோபமைனை இழப்பதில்லை. அசைவோடு தொடர்புள்ள பின்மேல் பகுதி முதலில் வறண்டுபோகிறது. ஆசை, பரிசு, எதிர்பார்ப்பு ஆகியவற்றோடு தொடர்புள்ள கீழ்ப்பகுதி ஆரம்பத்தில் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. காய்ந்த வயலுக்கு என்று திறந்துவிடும் தண்ணீர், ஏற்கெனவே ஈரமாக இருக்கும் பக்கத்து வயலையும் நிரப்பிவிடும். மருந்தால் கால் நடக்கும் அதே நேரத்தில், ஆசைக்கான பகுதியில் டோபமைன் மிகையாகிவிடலாம்.

2004-இல் வந்த ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. சில சின்னங்களைக் காட்டி, எது சரி, எது தவறு என்று முயன்று முயன்று கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். மருந்து சாப்பிட்டிருந்தபோது நோயாளிகள் வெற்றியிலிருந்து நன்றாகக் கற்றார்கள், தோல்வியிலிருந்து கற்பது குறைந்தது. மருந்து இல்லாதபோது தலைகீழ்: தோல்வி நன்றாக உறைத்தது, வெற்றி அவ்வளவாக ஒட்டவில்லை. இதைச் சூதாட்டத்தின்மேல் வைத்துப் பாருங்கள். ஜெயித்த சிறு தொகை மனதில் ஒட்டிக்கொள்கிறது. தோற்றது சுடவே இல்லை. ‘பட்டும் புத்தி வரவில்லையே’ என்று நாம் திட்டுகிறோம். பட்டதைப் புத்தியாக மாற்றும் இடத்திலேயே மருந்து கைவைத்திருக்கிறது.

இரண்டாவதாகச் சேர்த்த மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது பிரமிபெக்சோலா, ரோபினிரோலா என்று அட்டையில் பாருங்கள். டோபமைனாக மாறத் தேவையில்லாமல் நேராக ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும் வகை இவை. ஆசையோடு தொடர்புள்ள பகுதியில் அதிகமாக இருக்கும் டி3 ஏற்பிகளை நன்றாகவே பிடித்துக்கொள்கின்றன. 2010-இல் 3,090 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், இந்த வகை மருந்து சாப்பிட்டவர்களில் 17.1 சதவீதம் பேரிடம் சூதாட்டம், அளவில்லாமல் வாங்கிக் குவித்தல், அடக்க முடியாத காம உணர்வு, வரைமுறையில்லாமல் உண்ணுதல் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. இந்த வகை சாப்பிடாதவர்களில் அது 6.9 சதவீதம்.

ஆக, இது அப்பாவின் குணம் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. பக்கவிளைவு, அதுவும் பெரும்பாலும் அந்த மருந்தைக் குறைக்கும்போது அடங்கிவிடும் பக்கவிளைவு. ஆனால் இதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. சட்டென்று நிறுத்தினால் பதற்றம், சோர்வு, மனத்தளர்ச்சி, மருந்தின்மேல் ஏக்கம் என்று வேறொரு வேதனை வரும். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். அதுவரை கைபேசியில் பணம் கட்டும் வழியை அப்பாவின் சம்மதத்தோடே அடைத்துவையுங்கள். ரகசியமாகச் செய்யாதீர்கள். ஒருவர் ஒளித்துவைத்ததால் வந்த சிக்கலில்தான் நாம் ஏற்கெனவே இருக்கிறோம்.

அம்மாவின் சந்தேகத்துக்கு வருகிறேன். அப்பா நடிக்கவில்லை. 2001-இல் கனடாவில் செய்த ஒரு ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்தில்லாத வெற்று ஊசியைப் போட்டு மூளையைப் படமெடுத்தார்கள். மருந்து கிடைக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பே அவர்களுடைய ஸ்ட்ரையேட்டத்தில் சொந்த டோபமைனைச் சுரக்கவைத்தது. மருத்துவர் அறை என்பதே ஓர் எதிர்பார்ப்பு. புது இடம், கவனிக்கும் கண்கள், ‘எழுந்து நடங்க பார்ப்போம்’ என்ற குரல், எல்லாமாகச் சேர்ந்து கையிருப்பைக் கொஞ்ச நேரம் திறந்துவிடுகின்றன. தீ என்று யாராவது கத்தினால், நாற்காலியை விட்டு எழ முடியாதவர் எழுந்து ஓடுவதும் மருத்துவத்தில் நன்கு பதிவான விஷயம். அந்தக் கையிருப்பை அப்பாவால் நினைத்த நேரத்தில் திறக்க முடியாது. வீட்டில் காலையில் முடியவில்லை என்று அவர் சொல்லும்போது முடியவில்லைதான். இந்த ஒரு பத்தியை மட்டுமாவது அம்மாவிடம் வாசித்துக்காட்டுங்கள். தன் துணை தன்னை நம்பவில்லை என்பது எந்த ‘ஆஃப்’ நேரத்தையும்விட அப்பாவை இறுக்கிவிடும்.

அன்றாடத்தில் கவனிக்க வேண்டியவை சில. லெவோடோபா சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வயிறு காலியாகத் தாமதமானால் மருந்தும் வாசலில் காத்து நிற்கும். மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். புரதம் மிகுந்த சாப்பாட்டோடு மாத்திரை போனால், நான் முன்பு சொன்ன அதே வாசலில் மற்ற அமினோ அமிலங்களோடு முண்டியடிக்க நேரும். பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி நேரம் பின்போ மாத்திரை போடுவது நல்லது. புரதத்தையே நிறுத்திவிட வேண்டாம், அவர் மெலிந்துபோவார். வாந்திக்கோ தலைசுற்றலுக்கோ வேறொரு மருத்துவரிடம் போக நேர்ந்தால், பார்க்கின்சன் இருக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மெட்டோக்ளோப்ரமைட், புரோகுளோர்பெரசின், ஃப்ளூனரிசின், மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்றவை டோபமைன் ஏற்பிகளை அடைத்துவிடும். அப்புறம் எத்தனை லெவோடோபா கொடுத்தாலும் அது போய் உட்கார இடமிருக்காது.

எல்லாக் கஷ்டத்துக்கும் லெவோடோபாவை எதிர்பார்க்கவும் வேண்டாம். சமநிலை தவறி விழுவது, குரல் மங்குவது, தூக்கத்தில் கத்துவது, மலச்சிக்கல் ஆகியவற்றில் டோபமைன் தவிர வேறு வேதிப்பொருள்களின் பங்கும் இருக்கிறது. மாத்திரையைக் கூட்டினால் அவை பெரிதாக அசையாது. அங்கே உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும்தான் கைகொடுக்கும். அந்தப் பயிற்சியையும் ‘ஆன்’ நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மதிய மாத்திரையை ஒளித்துவைத்த காலத்தில் அப்பா இழந்தது இதுவும்தான்: நடக்க முடிந்திருக்கக்கூடிய எத்தனையோ மதியங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்முன் மூன்று நாளைக்கு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு மாத்திரை, எப்போது உடம்பு இளகியது, எப்போது நெளிய ஆரம்பித்தது, எப்போது இறுகியது, எப்போது சாப்பிட்டார், எப்போது தூங்கினார். அரை மணிக்கு ஒரு கோடு போட்டாலே போதும். மாத்திரைக்கு முன் அவர் எழ முயலும் ஒரு நிமிடம், நெளியும் ஒரு நிமிடம், இரண்டையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், அவரிடம் கேட்டுக்கொண்டு. மருத்துவர் அறையில் அவர் நன்றாகத்தான் நடப்பார். அந்தப் படம்தான் வீட்டு நிலவரத்தைச் சொல்லும். அந்த நாற்பது மாத்திரைகளையும் ஒரு உறையில் போட்டு எடுத்துப் போய் மேசைமேல் வையுங்கள். முடிந்தால் அப்பாவே எடுத்து வைக்கட்டும்.